அரசப்பனுக்கு அபராதம்

விடிந்தும் விடியாத நேரத்திலிருந்து செங்கம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் முறம். முறத்தில் கேழ்வரகு மாவு, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு, மேலே வேப்பிலைக் கொத்து. கும்மிடிப்பூண்டி ஆணி பேக்டரியிலிருந்து தினமும் இருட்டி வந்து, அதற்கப்புறம் கேவுரைப் புடைத்து, அலசி, உலர்த்தி, கல் ஏந்திரத்தில் கையால் அரைத்து எடுத்த மாவு. மெஷினில் கொடுத்திருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. ஆத்தாளுக்குப் போகிற மாவை மெஷினில் கண்டவன் மாவோடு கலக்கவிட அவளுக்கு மனசு வரவில்லை.

ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. அந்த ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். காலையில் கரகம் தெருத்தெருவாக வரும். முன்னால் பம்பை, பின்னால் சாக்கு பிடித்துக்கொண்டு நாலு ஆள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "தாயே, மாவு!" என்று கூவுவார்கள். வீட்டுக்காரி கரகம் சுமக்கிறவர் காலில் மஞ்சத்தண்ணி ஊற்றிவிட்டு மாவைக் கொட்டுவாள். அரைப்படி கொட்டினாலும் கேட்பாரில்லை, மரக்கால் கொட்டினாலும் மெச்சுவாரில்லை. எல்லார் வீட்டு மாவும் ஒரே சாக்குக்குள்தான் போகும்.

பக்கத்து வீட்டில் பம்பை நின்று அடித்தது. அடுத்தது நம் வீடு என்று செங்கம்மாள் செம்புத் தண்ணீரை எடுத்தாள். பம்பைக்காரர் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். கரகம் சுமந்தவர் தலையைத் திருப்பாமல் போனார். சாக்குக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தன் மட்டும் முறத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவனாட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டைத் தாண்டிய பிறகு பம்பை மறுபடியும் ஆரம்பித்தது.

இது இன்னா மரியாதை, நீங்களே சொல்லுங்கள். அந்தக் குப்பத்தில் பம்பையை நிறுத்துவது சாவு விழுந்த வீட்டைத் தாண்டும்போது. மாவு எடுக்காமல் போவது ஊர் தள்ளி வைத்த வீட்டில். செங்கம்மாள் வீட்டில் சாவுமில்லை, தள்ளி வைக்கிற அளவுக்கு அவர்கள் யார் குடியையும் கெடுத்ததுமில்லை.

உள்ளே கயிற்றுக் கட்டிலிலிருந்து அவள் புருஷன் அரசப்பன் குரல் கொடுத்தான். "ஏமே, எவன் ஊட்லமே சாவு? பம்பைய நிறுத்திட்டானுங்களே!"

அவள் செம்பைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே புரிந்திருக்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அரசப்பன் ஏரியில் வளர்ந்தவன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மணலடித்து மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, மீனும் வரவில்லை. வலை உலர்ந்து கிடந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் புதுசாக ஒரு கம்பி மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனான். பழுத்த கம்பி உருளையிலிருந்து பாம்பாட்டம் சீறி வரும், அதை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். ஒரு நாள் ஒரு கம்பி திரும்பாமல் வந்தது. வலது கால் பாதம் போயிற்று. மில்காரன் ஆஸ்பத்திரி செலவோடு கை கழுவிவிட்டான். அதற்கப்புறம்தான் செங்கம்மாள் ஆணி பேக்டரிக்குப் போக ஆரம்பித்தாள். போன மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு மீன் திரும்பி வந்தபோது அரசப்பன் கட்டிலில் கிடந்தான்.

அவனுக்குப் போனது ஒரு பாதம். அவ்வளவுதான். கை இருக்கிறது, தோள் இருக்கிறது, வாய் நல்லாவே இருக்கிறது. ஆனால் ஊர் அவனை உடைந்த படகாட்டம் முழுசாகவே கரையேற்றிவிட்டது.

செங்கம்மாள் முறத்தோடு கோயிலுக்கு நடந்தாள். அண்டாவில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பொம்பளைகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டும் கருவாடு கழுவிக்கொண்டும் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பஞ்சாயத்துப் பெரியவர் ஆதிகேசவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரதன். வரதனும் அரசப்பனும் ஒரே படகில் முன்னும் பின்னும் நின்று கழி தள்ளி வளர்ந்தவர்கள்.

"மாமா, எங்கூட்ல ஏன் மாவு எடுக்கல?"

ஆதிகேசவன் இருமினார். "உக்காரும்மா மொதல்ல."

"நான் உக்கார வரல. எங்கூட்ல இன்னா தீட்டு? நாங்க யார் குடிய கெடுத்தோம்?"

"அய்யய்யே, இன்னா பேச்சு இது! தீட்டுமில்ல ஒண்ணுமில்ல. நீயே நாயா பேயா ஓடி ஆணி பொறுக்கிக்கினு வந்து கஞ்சி ஊத்துற. ஒரு படி கேவுருன்னா சும்மாவா? உனுக்கு கஷ்டம் குடுக்க வேணாமேன்னுதான்."

"நான் கஷ்டம்னு வந்து சொன்னேனா?"

"நீ சொல்ல மாட்ட தங்கச்சி," என்றான் வரதன். "அது எங்களுக்குத் தெரியாதா? நான்தான் சொன்னேன், அந்த ஊட்ட வுட்ருங்க, அவங்களே நொந்துபோய்க் கெடக்கறாங்கன்னு."

"பம்பைய ஏன் நிறுத்தினீங்க?"

"உள்ள படுத்துக்கினு இருக்கறாரே, அந்த சத்தத்துல அவருக்கு மனசு சங்கடமா இருக்குமேன்னு…"

"அவருக்குப் போனது காலு. காது இல்ல."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டாள். ஆதிகேசவன் முகம் சுண்டியது. "இதப் பார்மா. ஊரு உங்கள தூக்கி எறியல. தாங்குது. ஏரியில அரசப்பன் மொற வரும்போது கூட வரதனே அந்த பாட்டுல வல போட்டு, உழுவற மீன்ல பாதி உங்கூட்டுக்கு அனுப்பிடறேன்னு சொல்லியிருக்கான். எந்த ஊர்ல எவன் செய்வான் இத்த?"

அது என்ன முறை என்று கேட்டால் இதுதான்: ஏரியில் எல்லா இடத்திலும் மீன் விழாது. விழுகிற இடங்கள் சிலதுதான். அந்த இடத்துக்குப் பாடு என்று பேர். மாவு கொடுக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு நாள் என்று பாடு முறை வரும். அந்த நாளில் அந்த இடம் அவனுக்கு ராஜாங்கம். தலைக்கட்டு இல்லாதவனுக்கு ஏரியில் இடமில்லை, பஞ்சாயத்தில் பேச்சில்லை, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வரவேண்டிய கட்டாயமுமில்லை. வரதன் வந்தால் அது வரதனுடைய நல்ல மனசு. வராவிட்டால் கேட்க முடியாது.

செங்கம்மாளுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. "அப்ப எங்கள தலைக்கட்டுலருந்து எடுத்துட்டீங்க."

"எடுக்கலம்மா. சொம்மா, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி…"

"வாசல்ல நின்னு ஒரு கூவு கூவியிருக்கலாமே மாமா. இல்லன்னு சொல்லணும்னா நாங்க சொல்லியிருப்போம். அந்த வார்த்தைய கூட எங்க வாயிலருந்து புடுங்கிக்கினீங்களே!"

முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் அவளை மறிக்கவில்லை. மறித்திருந்தால் கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மத்தியானம் வரதன் ஒரு தூக்கு நிறைய கூழும், வாழையிலையில் கருவாட்டுக் குழம்புமாக வந்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நுழைந்தான். முன்பெல்லாம் காலால் கதவைத் தள்ளிக்கொண்டு, 'டேய் அரசா, செத்துட்டியா இருக்கியா' என்று வருகிற ஆள்.

"மொதல்ல உங்களுக்குத்தான் எடுத்துக்கினு வந்தேன்," என்றான். "சாப்புடுங்க."

அரசப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாடா, ங்க போடற? நான் இன்னா தாசில்தாரா?"

வரதன் சிரித்தான். அது சிரிப்பில்லை, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் காட்டுகிற பல். "நல்லா ரெஸ்ட் எடுங்க. பாட்டப் பத்தி கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவன் போன பிறகு கூழ் ஆறி மேலே ஆடை கட்டியது. அம்மன் கூழைக் கொட்டவும் கூடாது. செங்கம்மாள் அதைக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்தில் நின்ற வெளியூர் ஜனங்களுக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் பேக்டரியில் அவள் கை ஓடவில்லை. அங்கே அவளுக்கு வேலை, குவித்துப் போட்ட ஆணியில் கோணலைப் பொறுக்குவது. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பொறுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கீறல், அதில் எண்ணெய்ப் பிசுக்கு. சூப்பர்வைசர் வயசு வித்தியாசமில்லாமல் எல்லாரையும் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவான். லேட்டாகப் போனால் அரை நாள் கூலியை வெட்டிவிடுவான்.

எதிரே உட்கார்ந்து பொறுக்குகிற சாராளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சாராள் ரெட்டிமார் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். ரெட்டிமார் அந்த நிலத்தை பேக்டரிக்கு விற்றதும் அதே மண்ணில் ஆணி பொறுக்க வந்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னா செங்கம்மா," என்றாள். "உங்கூட்ல ஒரு வாட்டி மாவு எடுக்கலன்னு இந்த குதி குதிக்கிறியே. எங்க ஜனத்துக்கிட்ட உங்க ஊரு எந்த காலத்துலமே மாவு எடுத்துச்சி? எங்கப்பன் ஏசு வேதத்துல சேர்றதுக்கு முன்னால, கூழு ஊத்தற அன்னிக்கி உங்க கோயிலுக்கு அந்தாண்ட நின்னு குண்டான நீட்டினவருதான்."

செங்கம்மாளுக்குச் சுருக்கென்றது.

"உன்ன குத்தம் சொல்லல," என்றாள் சாராள். ஒரு கோணல் ஆணியை டப்பாவில் வீசினாள். "ஆனா ஒண்ணு. நீ அழுதுக்கினு கெடந்தா அவங்களுக்கு ரொம்ப சௌகரியம். பாவம் பாவம்னு சொல்லிக்கினே காலம் தள்ளிடுவாங்க. எங்களப் பாத்தும் அத்ததான் சொன்னாங்க."

"இந்த சூப்பர்வைசர் கட்டையில போறவனாவது லேட்டா வந்தா கூலிய வெட்றான்," என்றாள் செங்கம்மாள். "எங்க ஊரு எங்கள வெட்டக்கூட மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது இதையே அரசப்பனிடமும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை. அப்புறம் கேட்டான்: "ஏமே, நாளைக்கு யாரு பாடு?"

"வரதண்ணன் பாடு. ஏன்?"

"நான் போயி வல போடப் போறேன்."

"யோவ்! அடுத்தவன் பாட்டுலயா? திருட்டுப் பேரு வந்துடும்யா!"

"வரட்டும். ஏதோ ஒரு பேரு வரட்டும்."

அடுத்தவன் முறையில் வலை போடுவதற்கு மேல் அந்தக் குப்பத்தில் ஒரு குற்றமில்லை. கோயில் விளக்குக்கு ஒரு மாசத்து எண்ணெய் அபராதம். அதோடு போகாது, ஊர் கூடி நிற்க, நடு மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். தலைக்கட்டுக்காரனுக்குத்தான் அந்தத் தண்டனை. வெளி ஆள் வந்து திருடினால் அடித்துத் துரத்துவார்கள், பொடிப் பையன் செய்தால் காதைத் திருகி விடுவார்கள். செங்கம்மாள் எழுந்து போய்ப் பரணிலிருந்த வலையை இறக்கி, எலி கடித்த கண்ணிகளை முடிச்சுப் போட உட்கார்ந்தாள்.

விடிகாலையில் அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கக்கத்துக் கட்டையை ஊன்றி ஏரிக்கரைக்கு வந்தான். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. அவனைப் படகில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் அவள் தள்ளிவிட்டாள். நிற்க முடியாது, ஆகவே பின்பலகையில் உட்கார்ந்து கழி தள்ளினான். பழைய அரசப்பன் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் போகிற தூரம். இப்போது போய்ச் சேருவதற்குள் தோள் இற்றுப்போயிற்று. ஆனாலும் போனான். வலையை விரித்தான். மடவை மீன் வந்து முட்டி வலை துடித்தது. சத்தம் போட்டுச் சிரித்தான், அழுதான், கெட்ட வார்த்தையில் யாரையோ திட்டினான். கேட்க யாருமில்லை.

சூரியன் கிளம்பும்போது வரதன் படகு வந்தது. தன் பாட்டில் வலை விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் வரதன் முகம் கறுத்தது. கழியை ஓங்கிக்கொண்டே வந்தான். பின்பலகையில் உட்கார்ந்திருப்பது யாரென்று தெரிந்ததும் கழி தாழ்ந்தது.

"ஓ… நீங்களா? சரி சரி. புடிச்சிக்குங்க. நான் வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

"டேய் வரதா! உம் பாடுடா இது!"

"பரவால்ல. உங்களுக்கு மனசு ஆறட்டும்."

"திருடிக்கினு இருக்கறேன்டா நானு! கண்ணு அவிஞ்சி பூட்ச்சா உனுக்கு?"

வரதன் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். போகும்போது அனுதாபமாகத் தலையை வேறு ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்குப் பதில் அவன் கழியாலேயே நாலு போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அரசப்பன் விடவில்லை. கரைக்கு வந்து, மீன் கூடையைச் செங்கம்மாள் தலையில் ஏற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தான். ஆதிகேசவன் முன்னால் கூடையைக் கவிழ்க்கச் சொன்னான். மீன்கள் மணலில் துள்ளின.

"பெரியவரே, இது திருட்டு மீனு. வரதன் பாட்டுல நான் வல போட்டு எடுத்தேன். ஊர கூட்டு."

ஊர் கூடிவிட்டது. கூட்டாமலே கூடிவிடுகிற ஊர் அது. ஆதிகேசவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏதோ தெரியாம செஞ்சிட்டான். ஒடம்பு சரியில்லாத ஆளு. வரதா, நீ இன்னாப்பா சொல்ற?"

"நான் இன்னாத்த சொல்றது? வுடுங்க. பாவம்."

"தெரியாம செய்யல!" செங்கம்மாள் போட்ட சத்தத்தில் வழியே போன கீரைக்காரி கூடையை இறக்கிவிட்டு நின்றாள். "தெரிஞ்சேதான் செஞ்சாரு. ராத்திரி வலைய நான் முடிஞ்சி குடுத்தேன். படக நான் தள்ளி வுட்டேன். எந்த ஊட்ல கேட்டாலும் சொல்லுவேன். அபராதம் போடுங்க!"

"இன்னாம்மா நீ, பேஜாரு புடிச்சவளாட்டம்! காலில்லாதவனுக்குப் போயி…"

அரசப்பன் கட்டையை ஊன்றி ஒரு எட்டு முன்னால் வந்தான். அவன் பேச்சு ஆதிகேசவனிடம் இல்லை.

"வரதா, உம் புள்ள அடுத்தவன் பாட்டுல வல போட்டா இன்னா செய்வ?"

"கைய ஒடச்சிடுவேன்."

"உன் தம்பி போட்டா?"

"ஊர் நடுவுல உழ வெப்பேன்."

"ஒரு ஆடு உன் கொல்லையில மேஞ்சிட்டா? ஆட்டுக்கா அபராதம் போடுவ? பாவம் வாயில்லா ஜீவன்னு ஓட்டி வுட்டுடுவ. நான் இன்னாடா உனுக்கு, ஆடா? சொல்றா! இருவது வருசம் உன்கூட ஒரே படகுல நின்னவன்டா. உன் பாட்டுல திருடிட்டேன். ஒரு தபா கூட உனுக்கு கோவம் வரலியேடா. மனுசன்னு நெனச்சிருந்தா வந்திருக்காதா?"

வரதன் தாடை அசைந்தது. கண் கலங்கியது. துள்ளுகிற மீனையும் அரசப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பாட்டு மீன். கூடை நிறைய மடவை, இந்த ஆடியில் அவனுக்கே விழாத மடவை. மெல்ல மெல்ல அவன் கழுத்தில் நரம்பு புடைத்தது.

"பெரியவரே," என்றான். "எம் மொறையில திருடியிருக்கான் இவன். நான் வுட்டுத்தர மாட்டேன். ஊரு மொறப்படி செய்யுங்க."

ஆதிகேசவனுக்கு வேறு வழியில்லை. எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னார்: "தெக்கு வரிச தலைக்கட்டு அரசப்பன், மொற தப்பி வல போட்ட குத்தத்துக்கு, ஆத்தா வெளக்குக்கு ஒரு மாசத்து எண்ண கட்டணும். ஊரு முன்னால உழணும்."

தலைக்கட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் செங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரசப்பன் கட்டையை அவளிடம் கொடுத்தான். ஒற்றைக் காலில் தள்ளாடி, முட்டி போட்டு, கையை ஊன்றி, அப்படியே மணலில் குப்புறப் படுத்தான். நெற்றி மணலில் பதிந்தது. மீன்கள் அவன் கைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆதிகேசவனுக்குத் தாங்கவில்லை. தூக்கிவிடலாமென்று குனிந்தார். கூட்டத்திலிருந்து இன்னும் ரெண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"தொடாதீங்க!" செங்கம்மாள் கட்டையைக் குறுக்கே நீட்டினாள். "உழுந்தவங்கள யார்னா தூக்கி வுட்டிருக்கீங்களா இந்த ஊர்ல? அவரே ஏந்துருப்பாரு."

நேரமாயிற்று. ஒரு தரம் எழப் பார்த்துச் சரிந்தான். யாரோ 'ச்சொ' கொட்டப் போக, வரதன் திரும்பி முறைத்தான். அரசப்பன் முட்டியை மடக்கி, கையை ஊன்றி, மூச்சு வாங்கி, எழுந்து நின்றான். முகமெல்லாம் மணல். துடைக்கவில்லை.

வரதன் கூடையை நிமிர்த்தி மீனையெல்லாம் வாரிப் போட்டான். ஒன்றுகூட அவனுக்கு விடவில்லை. தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினவன், நின்று திரும்பினான்.

"எண்ண வெள்ளிக்கெழமைக்குள்ள வந்து சேரணும். இல்லன்னா உங்கூட்டு வலைய வாசல்ல போட்டு அறுத்துடுவேன், ஆமா!"

"வரும், வரும்," என்றாள் செங்கம்மாள். "பொழுதோட வந்து வாங்கிக்க. வாசல்ல நின்னு கேளு."